வலையேறிய எழுத்தும் வழிதேடும் குரலும்

ஜொகூர் மாநிலத்துக் கூலாய் நகரை அடுத்துக் 'கூலாய் யங்' என்னும் தோட்டம் ஒன்று இருந்தது. 664 எக்டர் பரப்புடைய அந்த எண்ணெய்ப்பனைத் தோட்டத்தைப் பவுஸ்டெட் தோட்ட நிறுவனத்திடமிருந்து வாங்குவதாக ஒய்.டி.எல். குழுமத்து மின்னாற்றல் நிறுவனம் 2021ஆம் ஆண்டில் அறிவித்தது. பனைகள் நின்ற அந்நிலத்தில் எழுந்திருப்பது 500 மெகாவாட் மின்திறனுக்குத் திட்டமிடப்பட்ட தரவு மையப் பூங்கா. தரவு மையம் என்பது கணினிகள் அடுக்கடுக்காக நிறுத்தப்பட்ட நெடுங்கூடமே. உலகோர் கைப்பேசியிலும் கணினியிலும் அனுப்புகின்ற எழுத்தும் ஒலியும் படமும் நிகழ்படமும் அங்கே தங்குகின்றன. கேட்டவர்க்குக் கேட்டவுடன் அங்கிருந்து புறப்படுகின்றன. இந்நான்கும் ஒருங்கே வலைவழிச் செல்லும் ஏற்பாட்டையே அறிஞர்கள் வலையமைப்புப் பல்லூடகம் என்பர்.

ஜொகூரின் தோட்டங்கள் பல இவ்வாறு உருமாறியவை. இரப்பர் அழிந்து எண்ணெய்ப்பனை வந்தது. பனை அழிந்து வீடமைப்புப் பகுதி வந்தது. மவுண்ட் ஆஸ்டின் என்றால் இன்றைய இளைஞர்க்குக் கடைத்தெருவும் மாடிவீடும் நினைவிற்கு வரும். அது தோட்டமாக இருந்ததை அறிந்தவர் முதியோரே. லயத்து வீடுகள் போயின. அவ்வீடுகளில் பேசப்பட்ட தமிழும் ஊர் ஊராகச் சிதறியது. அத்தமிழ் இப்புதிய கூடங்களுக்குள் இருக்கின்றதா என்று ஒருவர் வினவினால், இருக்கின்றது என்றே விடை கூற வேண்டும். பிறந்தநாள் வாழ்த்தாகவும் திருவிழா நிகழ்படமாகவும் பாட்டியின் குரற்பதிவாகவும் அது நாள்தோறும் அங்கே சென்று சேர்கின்றது. தேடுவோர்க்கு அது கிட்டுமா என்பது வேறு வினா. அதற்கு விடை காணத் தமிழெழுத்து வலையேறிய வரலாற்றை முதலில் அறிதல் வேண்டும்.

அவ்வரலாற்றின் முதற்பகுதி ஜொகூர் நீரிணைக்கு அப்பால், 1924இல் திறக்கப்பட்ட பாலத்தின் மறுகரையில் நிகழ்ந்தது. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளின் தொகுப்பொன்று நான்கு மொழிகளில் இணையத்தில் இடப்பட்டது. அதிபர் ஓங் தெங் சியோங் அதனைத் தொடக்கி வைத்தார். அத்தொகுப்பின் தமிழ்ப்பக்கங்கள் இணையத்தில் ஏறிய தமிழின் முதன்மையான தொடக்கங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகின்றன. அவற்றை ஏற்றுவதற்கு உழைத்தவர் நா. கோவிந்தசாமி. அவர் பொறியாளர் அல்லர், சிறுகதை எழுத்தாளர், தேசியக் கல்விக் கழகத்தில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்த தமிழ் விரிவுரையாளர். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ அவருக்குத் துணைநின்றார். 'கணியன்' என்று தம் மென்பொருளுக்குப் பெயர் சூட்டிய அவர், 1997 மே மாதத்தில் 'தமிழ்நெட் 97' என்னும் மாநாட்டைச் சிங்கப்பூரில் கூட்டினார். கணினித் தமிழுக்கென உலகத் தமிழறிஞரும் கணினி வல்லுநரும் ஒன்றுகூடியது அங்கேதான் தொடங்கிற்று. இரண்டே ஆண்டுகளில், 1999இல், அவர் மறைந்தார். தமிழாசிரியர் ஒருவர் பொறியியலார் அவையில் தலைமை தாங்கிய அச்செய்தி ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளில் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டும்.

இக்கரையில் அதே பணியைச் செய்தவர் முத்து நெடுமாறன். கவிஞர் முரசு நெடுமாறனின் மகனாகிய அவர், 1985இல் 'முரசு' என்னும் தமிழ்ச்செயலியோடு தொடங்கினார். பின்னர் வந்த 'முரசு அஞ்சல்' மலேசியத் தமிழர் பலருக்குக் கணினித் தமிழின் அரிச்சுவடியாயிற்று. 2005ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் அவருடைய 'செல்லினம்' கைப்பேசிக்குள் தமிழைக் கொண்டுவந்தது.

இவ்வளவு உழைப்பும் எதற்காக என்று மாணவர் கேட்கக்கூடும். கணினி எழுத்தை அறியாது. எண்ணை மட்டுமே அறியும். 'அ' என்பதற்கு எந்த எண் என்று முதலில் உடன்பாடு வேண்டும். அவ்வுடன்பாட்டையே குறியேற்றம் என்கிறோம். அக்காலக் கணினி 256 இடங்களைத் தந்தது. அவற்றில் முதற்பாதி ஆங்கிலத்திற்கு உரியது. எஞ்சிய 128 இடங்களுக்குள் 247 எழுத்துகளையும் கிரந்த எழுத்துகளையும் அடக்குவது எவ்வாறு? ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையில் அடக்கினர். ஒருவர் அனுப்பிய மடல் மற்றொருவர் திரையில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. மடலோடு எழுத்துருவையும் அனுப்பினாலன்றிப் படிக்க இயலாத நிலை சில ஆண்டுகள் நீடித்தது.

சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கலியாணசுந்தரம் முதலியோர் மடற்குழுவில் விவாதித்துத் 'திஸ்கி' என்னும் குறியேற்றத்தை உருவாக்கினர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் தமிழக அரசு 'டேம்', 'டேப்' என்னும் இரண்டையும் 'தமிழ்99' விசைப்பலகையையும் முன்வைத்தது. இவற்றிற்கெல்லாம் முன்னரே, 1991இல், ஒருங்குறி என்னும் உலகக் குறியேற்றம் இந்திய அரசின் 1988ஆம் ஆண்டுக் குறியேற்றத்தைப் பின்பற்றித் தமிழுக்கும் இடம் ஒதுக்கியிருந்தது. திஸ்கி, 'கொ' என்னும் எழுத்தைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே, கொம்பு முதலாகவும் ககரம் அடுத்தும் கால் இறுதியாகவும் வைத்தது. ஒருங்குறி ககரத்தை முதலில் வைத்து உயிர்க்குறியைப் பின்னர் வைத்தது. ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு மாற்றிய பொழுதெல்லாம் பழுதுகள் நேர்ந்தமைக்கு இவ்வேறுபாடும் ஒரு காரணம். 2000ஆம் ஆண்டில் சிங்கப்பூர் மாநாட்டையொட்டி 'உத்தமம்' என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்தது. அடுத்த ஆண்டு மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. தமிழக அரசு ஒருங்குறியை அதிகாரமுறையாக ஏற்றது 2010இல்தான். எழுத்து என்னும் ஒன்றனுக்கு மட்டும் உடன்பாடு காணத் தமிழுலகம் ஏறத்தாழ 15 ஆண்டுகளைச் செலவிட்டது என்பதை மனத்திற்கொள்ள வேண்டும்.

ஒலியும் படமும் இத்தகைய போராட்டமின்றியே வலையேறின. அவற்றிற்கு மொழி ஒரு தடையன்று. 1992 மார்ச்சில் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் கூடிய இணைய வல்லுநரின் பேச்சு, வலைவழியே தொலைவிடங்களில் இருந்தோர்க்கு ஒலிபரப்பப்பட்டது. அதே ஆண்டில் மின்மடலோடு படத்தையும் ஒலியையும் இணைத்தனுப்பும் வழியும் வகுக்கப்பட்டது. அங்கே இடர் வேறு வகையாக வந்தது. அஃது அளவின் இடர். 'அம்மா' என்னும் சொல் ஒருங்குறியின் வழக்கமான வடிவில் 15 பைட்டுகள். அச்சொல்லை ஒருவர் ஒரு நொடி நேரம் உச்சரிப்பதை இசைத்தட்டுத் தரத்தில் பதிந்தால் 1,76,400 பைட்டுகள். 640க்கு 480 புள்ளிகள் கொண்ட சிறிய திரையில் நொடிக்கு 25 படங்களாக அவரது முகத்தையும் காட்டினால், சுருக்காத நிலையில் ஒரு நொடிக்கு இரண்டு கோடியே முப்பது இலட்சம் பைட்டுகளுக்கு மேலாகும். 1990களின் நடுவில் வீட்டுத் தொலைபேசிக் கம்பி நொடிக்கு ஏறத்தாழ 3,600 பைட்டுகளையே சுமந்தது. காதும் கண்ணும் உணராதவற்றைக் கழித்துச் சுருக்கும் கலை வளர்ந்ததனாலேயே இன்று நிகழ்படம் கைக்குள் அடங்கியது.

சுருக்கினாலும் காலத்தாழ்வு என்னும் மற்றோர் இடர் எஞ்சியது. வலை ஒலியைச் சிறுசிறு பொதிகளாக வெட்டி அனுப்புகின்றது. முன்னே சென்றது பின்னே வரலாம், வாராமலும் போகலாம். மடல் சில நொடி தாழ்ந்தால் எவர்க்கும் தெரியாது; உரையாடல் தாழ்ந்தால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவர், பிறகு இருவரும் வாய்மூடிக் காத்திருப்பர். ஒரு வழிக்கு 150 மில்லிநொடிக்கு மேற்படாதிருத்தல் நன்று எனப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைத்தது. 1996இல் வகுக்கப்பட்ட நெறிமுறை ஒவ்வொரு பொதிக்கும் வரிசை எண்ணும் நேரக்குறிப்பும் இட்டது.

மலேசிய அரசு பல்லூடகப் பெருவழித் திட்டத்தைத் தொடங்கியதும் 1996இல்தான். அதன் ஓர் உறுப்பாக 1999 முதல் நடந்த விவேகப் பள்ளி முன்னோடித் திட்டத்தில் மலாய், ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகிய நான்கு பாடங்களுக்குப் பல்லூடகப் பாடப்பொருள்கள் ஆக்கப்பட்டன. தமிழ்மொழி அந்நான்கனுள் இல்லை. ஏறத்தாழ பத்தாயிரம் பள்ளிகளை இணைப்பதற்கு வந்த '1பெஸ்தாரிநெட்' திட்டம் 2019இல் முடிவுற்றது. அதன் கற்றல் தளத்தை மாணவரும் ஆசிரியரும் பயன்படுத்தியது மிகக் குறைவே எனத் தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை இடையிலேயே சுட்டியிருந்தது. கம்பியை இழுப்பது எளிது. அதன் வழியே அனுப்புவதற்குத் தக்கதை ஆக்குவது அரிது. இவ்வுண்மையை அத்திட்டங்கள் பெரும்பொருட் செலவில் கற்பித்தன.

இனி ஆய்வுக்களத்தைப் பார்க்கலாம். 2003ஆம் ஆண்டில் அமெரிக்கக் கணினியியலார் சங்கத்தின் பல்லூடகப் பிரிவினர் கூடி, வருங்காலத்தில் ஆராயத்தக்கவை எவை என்று சிந்தித்தனர். லாரன்ஸ் ரோவும் ரமேஷ் ஜெயினும் அதன் அறிக்கையை எழுதினர். மூன்று பெருஞ்சவால்களை அவ்வறிக்கை முன்வைத்தது. பல்லூடகப் படைப்பை ஆக்குவது கடிதம் தட்டச்சிடுவது போல எளிதாதல் வேண்டும்; தொலைவிலிருப்போரோடு பழகுவது அருகிருப்போரோடு பழகுவது போலாதல் வேண்டும்; ஒலியையும் படத்தையும் பதிவதும் காப்பதும் தேடியெடுப்பதும் அன்றாடச் செயலாதல் வேண்டும். முதலாவது இருபதாண்டுகளில் பெரும்பாலும் கைகூடிவிட்டது. தொடக்கப்பள்ளி மாணவனே கைப்பேசியில் நிகழ்படத்தைத் தொகுத்து இசையும் சேர்த்துவிடுகின்றான். மற்ற இரண்டும் தமிழைப் பொறுத்தவரை வேறு கதை.

இரண்டாவதன் சோதனை 2020 மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையோடு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, ஜொகூரில் உள்ள ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகளின் வகுப்புகளும் வலைக்கு மாறின. மாணவருள் ஏறத்தாழ 37 விழுக்காட்டினரிடம் கருவி எதுவும் இல்லை எனக் கல்வி அமைச்சின் அவ்வாண்டைய ஆய்வு கூறிற்று. கருவி இருந்த வீட்டிலும் ஒரே கைப்பேசியைப் பிள்ளைகள் முறைவைத்துப் பயன்படுத்திய நிலையைத் தோட்டப்புற ஆசிரியர் நன்கறிவர். இது வறுமையின் சிக்கல். ஆய்வால் மட்டும் தீராதது. எனினும் அதனுள் ஆய்வுக்குரிய நுண்ணிய வினா ஒன்றும் மறைந்துள்ளது.

ழகரத்தையும் ளகரத்தையும் லகரத்தையும் வேறுபடுத்திப் பயிற்றுவது தமிழாசிரியரின் தலையாய கடமைகளுள் ஒன்று. வகுப்பறையில் ஆசிரியர் மாணவனின் நாவையும் உதட்டையும் பார்க்கிறார். ஒலியை நேரே கேட்கிறார். வலையில் அவ்வொலி நுண்ணொலிவாங்கியால் பிடிக்கப்பட்டு, இரைச்சல் நீக்கப்பட்டு, சுருக்கப்பட்டு, சில பொதிகள் தொலைந்து, சிறிய ஒலிபெருக்கியில் வெளிப்படுகின்றது. பழைய தொலைபேசி நொடிக்கு 3,400 அதிர்வுகளுக்கு மேற்பட்டவற்றை வெட்டிவிடும். சிறுவரின் குரல்வழி குறுகியது. அதனால் அவர்தம் ஒலிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக்காட்டும் கூறுகள் வளர்ந்தோரினும் மேலான அதிர்வெண்களில் அமைகின்றன. வெட்டும் கத்திக்குச் சிறுவர் குரலே மிகுதியாக இரையாகின்றது என்பது இதனாற் போதரும். இன்றைய இணைய ஒலிச்சுருக்கங்கள் தொலைபேசியினும் பன்மடங்கு மேலானவை என்பது உண்மையே. ஆயினும் இணைப்பு நலியும்பொழுது அவையும் தரத்தைத் தாழ்த்துகின்றன. எந்த அளவிற்குத் தாழ்ந்தால் ஏழு வயதுச் சிறுமியின் 'பழம்' ஆசிரியர் செவியில் 'பளம்' ஆகின்றது? தவறு நாவினுடையதா, வலையினுடையதா? ஸ்கூடாயில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. தமிழொலியியல் அறிந்த ஆசிரியர் பலர் மாநிலமெங்கும் இருக்கின்றனர். இருசாராரும் கூடினால் இவ்வினாவை அளந்து விடை காணலாம்.

மூன்றாவது சவாலாகிய தேடலே அனைத்திலும் பெரிது. எழுத்துக்கு ஒருங்குறி வந்த பின்னர்த் தேடுவது எளிதாயிற்று. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்களில் ஒரு சொல்லை நொடியில் தேடலாம். அச்சுநூலின் படம் வலையில் இருந்தால் அவ்வாறு இயலாது. முதலில் படத்திலுள்ள எழுத்தைக் கணினி படித்தறிய வேண்டும். இங்கே மலேசிய நூல்களுக்கென ஓர் இடையூறு உண்டு. 1978இல் தமிழகம் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும்வரை 'ணை', 'லை' முதலியவை துதிக்கை போன்ற கொம்புடனும் 'ணா', 'றா' முதலியவை வளைந்த சுழியுடனும் அச்சாயின. இவ்வாறு மாறியவை 13 எழுத்துகள். மலேசியாவும் சிங்கப்பூரும் அதற்குப் பின்னரே மாறின. 1924இல் தோன்றி 2019இல் நின்றுபோன 'தமிழ் நேசன்' நாளிதழின் பெரும்பகுதி பழைய எழுத்திலேயே அமைந்தது. புதிய எழுத்தை மட்டும் கற்ற கணினிக்கு அவ்வேடுகள் அரைகுறையாகவே விளங்கும். சிங்கப்பூரில் 2015இல் நிறைவெய்திய தமிழ் மின்மரபுடைமைத் திட்டம் 1965 முதலான அந்நாட்டுத் தமிழிலக்கிய நூல்களைத் திரட்டி மின்னாக்கியது. ஈழத்தில் 'நூலகம்' திட்டம் 2005 முதல் இதனைச் செய்துவருகின்றது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட மக்களுக்கு அதன் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

குரலைத் தேடுவது இதனினும் கடினம். பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் கருவிகள் பெருகிவிட்டன. அவை கற்றது எந்தத் தமிழ் என்று நோக்க வேண்டும். பொதுமக்கள் தந்த குரல்களைத் திரட்டும் 'காமன் வாய்ஸ்' திட்டத்தில் தமிழுக்கும் இடம் உண்டு. ஆயின் அங்கே ஒருவர் செய்வது எழுதிவைத்த வாக்கியங்களைப் படிப்பதே. தோட்டத்து முதியவர் படித்துப் பேசுவதில்லை. விடியலில் 'பிரட்டு' களத்தில் நின்றதையும், 'கித்தா' மரம் சீவியதையும், 'மங்கு' துடைத்ததையும், 'ஒட்டுப்பால்' சேர்த்ததையும் அவர் தம் நடையில் சொல்வார். கித்தா மலாய்ச் சொல்லின் திரிபு. 'கம்பத்துக்குப் போனேன்' என்று அவர் கூறினால் அது மலாய்க் கிராமம்; தமிழகத் தமிழை மட்டுமே கற்ற கருவி அதனைத் தூணென்றோ தேனி மாவட்டத்து ஊரென்றோ கொள்ளும். சொல் தவறினால் தேடலும் தவறும். அவர் குரல் எத்தனை ஆண்டு எத்தனை பெரிய கூடத்தில் பாதுகாக்கப்பட்டாலும் 'தோட்டத்து விடியற்காலம்' என்று தேடும் மாணவனுக்கு அது அகப்படாது.

காப்பதும் எளிதன்று என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாடாவில் பதிந்த ஒலி நாடாவோடு நைகின்றது. அதனை இயக்கும் பொறியும் கடையில் கிடைப்பதில்லை. கணினிக்குள் இட்டதும் நிலையன்று. கல்விக் குறுந்தட்டுகள் பலவற்றிற்கு அடிப்படையாயிருந்த 'பிளாஷ்' என்னும் மென்பொருளின் ஆதரவு 2020 திசம்பரோடு நிறுத்தப்பட்டது. அதில் ஆக்கிய பாடங்கள் பல ஒரே இரவில் ஊமையாயின. ஓலையைப் பெயர்த்தெழுதியது போலவே மின்பதிவையும் காலந்தோறும் புதிய வடிவிற்குப் பெயர்த்தாக வேண்டியுள்ளது. அப்பணியை எவர் செய்வது, எதனை விடுத்து எதனைப் பெயர்ப்பது என்பதற்கும் ஆய்வு வேண்டும்.

இதற்கிடையில் கூடங்கள் வளர்கின்றன. சிங்கப்பூர் 2019 முதல் 2022 வரை புதிய தரவு மையங்களுக்கு இசைவளிப்பதை நிறுத்திவைத்தது. அக்காலத்தில் முதலீடு பாலத்தைக் கடந்து ஜொகூருக்கு வந்தது. கூலாயிலும் செடெனாக்கிலும் நூசாஜெயாவிலும் மையங்கள் எழுந்தன. அவற்றிற்கு மின்சாரமும் குளிர்விக்கும் நீரும் பெருமளவில் வேண்டும். 2024இல் மாநில அரசு விண்ணப்பங்களை ஆராயவென்றே குழுவொன்றை அமைத்து, சிலவற்றை மறுக்கவும் செய்தது. ஊராரின் நீரைக் குடித்து ஊராரின் பேச்சை அறியாத கூடங்கள் என்று ஒருவர் கடிந்தால் அதனை முற்றும் தவறென்று தள்ள இயலாது. ஆனால், அறியவைக்கும் பொறுப்பை அக்கூடத்தார்மேல் மட்டும் சுமத்துவதும் பொருந்தாது. கணினிக்கு எழுத்தைக் கற்பித்தோர் ஆலைமுதலாளிகள் அல்லர்; கோவிந்தசாமியைப் போன்றோரே.

இன்று வேண்டுவது மலேசியத் தமிழ்ப்பேச்சின் குரற்களஞ்சியம். ஒவ்வொரு பதிவோடும் பேசியவரின் வயது, வாழ்ந்த தோட்டம், பதிந்த ஆண்டு, அவர் ஆண்ட வட்டாரச் சொற்கள், அவற்றின் பொருள் ஆகியன ஒருங்குறித் தமிழில் இருத்தல் வேண்டும். பேசியவரின் இசைவும் எழுத்தில் இருத்தல் வேண்டும். ஏனெனில் ஒருவர் குரலைக் கொண்டு அவர் பேசாததையும் பேசவைக்கும் கருவிகள் வந்துவிட்டன. சொற்பொருள் எழுதத் தமிழாசிரியரும், பதிவு செய்ய மாணவரும், கருவியைப் பயிற்றப் பல்கலைக்கழகத்தாரும் கூடினாற்போதும். இதற்கு 500 மெகாவாட் வேண்டுவதில்லை. பொழுதுதான் குறைவு. விடுதலைக்கு முன்னர்ப் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து நின்ற இளைஞர்கள் இன்று தொண்ணூறை நெருங்குகின்றனர். கூலாய், குளுவாங், சிகாமட், லாபிஸ் வட்டாரங்களில் அவர்களுட் சிலர் இன்னும் இருக்கின்றனர். கேட்பவர் சென்றால் பேசுவர்.